மாப்பிள்ளை ஏறாத வண்டி

இடது கையால் கொடுத்தாள் என்றுதானே உங்களிடமும் சொன்னார்கள்? தெரியும். பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தெருமுனை டீக்கடையில் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அங்கே டீக்குத்தான் காசு, பொய் இலவசம். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் அதைக் குடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார்கள். நீங்கள் வாசல்வரை வந்துவிட்டீர்கள். அதற்காகவே உங்களுக்குக் காப்பி.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் தண்ணீரில் ஊறிப்போனது. இதில் உட்காருங்கள். மேலே பார்க்காதீர்கள். தார்ப்பாய்தான். ஓடு போட வேண்டும், போடுவோம். புயல் வந்து போன ஊரில் யார் வீட்டுக் கூரைதான் ஒழுங்காக இருக்கிறது? பக்கத்து வீட்டு நாடிமுத்துவைத் தவிர. அவனுடையது காங்கிரீட். சிங்கப்பூரில் சுவருக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டு வந்தவன், அவனுக்கு இருக்காதா?

நீங்கள் பையனுக்குத் தாய்மாமன். சரி. மன்னார்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். என் பெண் இளவரசிக்கு ஏற்கனவே நிச்சயமாகி, தட்டு மாற்றி, புயலுக்குப் பிறகு நின்றுபோன கதை உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் உங்கள் அக்காவிடம் போய் ஆகும், ஆகாது என்று சொல்ல முடியும். நியாயம். நானே சொல்கிறேன். என்னைவிட நடுநிலையாகச் சொல்ல இந்தத் தெருவில் ஆள் கிடையாது.

அந்தச் சம்பந்தி பெயர் வைரக்கண்ணு. சிமெண்ட் கடை. பெயரில்தான் வைரம். அவனிடம் மூட்டை வாங்கிக் கட்டிய சுவரெல்லாம் புயலில் எப்படி நின்றது என்று ஊரில் போய்க் கேளுங்கள். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியை அவன் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். தட்டு மாற்றுகிற அன்று சபையில் எழுந்து நின்று, "மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்துறேன்" என்றேன். சபை அப்படியே அசந்துவிட்டது. "எதுக்கு சம்பந்தி இதெல்லாம்?" என்றான் வைரக்கண்ணு. வாய்தான் அப்படிச் சொன்னது. கண் அப்போதே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வேலை பார்த்த காலம் முழுக்கச் சைக்கிள்தான். மழை நாளில் செயலாளர் வண்டியில் போவார். என் வேட்டியில் சேற்றை அடித்துவிட்டுப் போவார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். என் மருமகன் மேல் ஒருவன் சேறு அடிக்கக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை. தப்பா?

கல்யாணத்துக்கு வெகு நாள் முன்பே வண்டியை எடுத்துவிட்டேன். கறுப்பு. கடைக்காரன் வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நிறுத்தினோம். சீட்டில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட நான் பிரிக்கவிடவில்லை. அதை மாப்பிள்ளைதான் பிரிக்க வேண்டும். முதலில் அவர்தான் ஏறி உட்கார வேண்டும். மற்றவன் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அது பழைய வண்டிதானே?

என்ன? கையா? இளவரசி கை எப்படி என்றா கேட்கிறீர்கள்? வருகிறேன், வருகிறேன். அது கதையில் பின்னால் வருகிறது.

புயல் வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள். உடனே இந்தத் தெரு என்ன செய்தது தெரியுமா? அவனவன் வீட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போய் ரயில்வே மேம்பாலத்தில் நிறுத்திவிட்டான். ஊரிலேயே மேடான இடம் அதுதானாம். போய்ப் பார்த்தேன். பாலத்தின் இரண்டு பக்கமும் ஆட்டுப்பட்டி மாதிரி நிற்கின்றன. ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை, ஒன்றுக்குச் சைலன்சரைக் கம்பியால் கட்டியிருக்கிறது. மீன் கூடை கட்டுகிற வண்டி, பால் கேன் கட்டுகிற வண்டி. அந்தக் கும்பலில் என் வண்டியை நிறுத்துவதா?

நாடிமுத்து வந்தான். "அண்ணே, சாவியைக் குடுங்க. உங்க வண்டியையும் பாலத்துல விட்டுட்டு வந்துடுறேன்."

"மாப்பிள்ளை உட்காராத சீட்டுல ஒன்னைய உட்கார வைக்கவா?"

"உட்காரலண்ணே. உருட்டிக்கிட்டே போறேன்."

"ரோட்டுச் சேறு டயர்ல ஒட்டும்."

அவன் சிரிக்கிறான். "அண்ணே, டயர்னா ரோட்டுலதான் ஓடும்."

டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு இது எப்படிப் புரியும்? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனால்தான் அடம் பிடிக்கிறேன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது உண்மை. அதுதான் காரணம் என்பது பொய். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத தெரு இது.

வாய்க்கால் நிறைந்துவிட்டால் இந்த வீட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் வரும். கொஞ்சம்தான். அதற்கு நான் வழி யோசித்து வைத்திருந்தேன். இரும்புக் கட்டிலை நடுவில் போட்டு, பலகை சாய்த்து, வண்டியை அதன்மேல் ஏற்றிவிட்டேன். நாடிமுத்துவும் அவன் தம்பியும் வந்து பிடித்தார்கள். பிடிக்கட்டும், அதற்காவது ஆகட்டும். ஆனால் கட்டிலில் சைடு ஸ்டாண்டு நிற்கவில்லை. கயிறு போட்டால் பெயிண்டில் கீறல் விழும். என் மனைவியின் கூறைப்புடவையை எடுத்தேன். அசல் பட்டு, அறுந்தே போகாது. அதை ஹேண்டில்பாரில் சுற்றி, மேலே உத்திரத்தில் கட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியில் கிடந்து மக்குவதற்கு இது பரவாயில்லையே.

காலையில் தொடங்கியது. நல்ல பட்டப்பகல். வெளிச்சம் இருக்கிறது, ஆனால் எதிர்வீடு தெரியவில்லை. தென்னை மட்டை கிடைமட்டமாகப் பறக்கிறது. நாடிமுத்து சுவர் ஏறி வந்து, "எல்லாரும் எங்க மாடிக்கு வந்துடுங்கண்ணே" என்றான். என் மனைவி கிளம்பிவிட்டாள். போகும்போது, "ஏங்க, வண்டி கெடக்கட்டும், புள்ளைய விடுங்க" என்கிறாள். வண்டி கெடக்கட்டும்! இப்படி ஒரு பெண்பிள்ளையோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இளவரசி நின்றாள். நான்தான் நிற்கச் சொன்னேன். ஒரு பக்கம் நான் பிடித்தால் மறுபக்கம் யார் பிடிப்பது? ஒருவர் பிடிக்கிற கனமா அது? அவளுடைய தையல் மெஷின் அந்த மூலையில் இருந்தது. அதை மேலே தூக்கி வைக்கலாமா என்று ஒரு தடவை கேட்டாள். கட்டிலில் இடம் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

ஓடு போக ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு சீட்டுக்கட்டைக் கலைத்து வீசுகிற மாதிரி. தண்ணீர் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தது. முழங்கால், அதற்கும் மேலே. நான் இந்தப் பக்கம், அவள் சுவர்ப்பக்கம்.

"அப்பா, கட்டில் சாயுது."

"சாயட்டும். நீ பிடி."

"காலு ஒண்ணு உள்ளார எறங்குதுப்பா."

"பிடின்னா பிடி. விட்டுடாதே."

இங்கே தரை மண் தரைமேல் போட்ட சிமெண்ட். யார் கடைச் சிமெண்ட் என்று கேட்காதீர்கள். கட்டில் கால் அதை உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. வண்டி மொத்தமும் அவள் பக்கம் சாய்ந்தது. அவள் விடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், அவள் விடவே இல்லை. ஹேண்டில்பார் போய்ச் சுவரில் இடித்தது. நடுவில் அவள் கை.

"அப்பா, கை மாட்டிக்கிச்சு."

"கண்ணாடி ஒடஞ்சிருச்சா பாரு."

இதைத்தான் டீக்கடையில் பெரிய குற்றம் மாதிரிச் சொல்கிறார்கள். என் மனைவி சொல்லி அது தெருவுக்குப் போனது. நான் நின்ற பக்கத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. எந்தப் பக்கம் இடித்திருக்கிறது என்று தெரிந்தால்தானே எந்தப் பக்கமாகத் தூக்குவது என்று தெரியும்? நியாயமான கேள்வி. அப்புறம் அந்தப் பின்சுவர் விழுந்தது. பட்டுப்புடவை கிழிந்தது. வண்டி தண்ணீருக்குள் போய்விட்டது. சீட்டு மட்டும் மேலே தெரிந்தது, பிளாஸ்டிக்கோடு.

வலது கை, ஆமாம். மணிக்கட்டு. மரமெல்லாம் ரோட்டில் விழுந்து கிடந்தது, எங்கே கொண்டுபோவது? வெட்டி வழி விட்ட பிறகு நாடிமுத்து பாலத்திலிருந்து தன் ஓட்டை வண்டியை எடுத்து வந்து அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான். என் மனைவி பின்னால் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் போகவில்லை. வண்டி சேற்றில் கிடக்கிறது, திறந்த வீடு. எவனாவது கழற்றிக்கொண்டு போனால்? நாள் கடந்துபோனதால் எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்துவிட்டது. கொஞ்சம்தான். அவளே மறந்துவிட்டாள். இப்போதும் கத்தரிக்கோல் பிடிக்கிறாள்.

அதிகாரிகள் வந்தார்கள். சுவரைப் போட்டோ எடுத்தார்கள், கூரையைப் போட்டோ எடுத்தார்கள். வண்டியையும் எடுங்கள் என்றேன். "வண்டியெல்லாம் எங்க கணக்குல வராதுங்க பெரியவரே" என்றான் ஒரு பொடியன். வீடு முப்பது வருஷத்துப் பழசு, அதைப் போட்டோ எடுக்கிறான். புது வண்டி, அது கணக்கில் வராது. ஒரு தார்ப்பாய் கொடுத்தார்கள். ஆமாம், ஒன்றுதான். அதை முதலில் எதற்குப் போர்த்தினேன் என்று அடுத்து கேட்பீர்கள். வண்டிக்குத்தான். மேலே கட்டியிருப்பது நாடிமுத்து கொடுத்தது.

இப்போது வைரக்கண்ணு வருகிறான். தண்ணீர் வடிந்த பிறகு, மகனையும் கூட்டிக்கொண்டு. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். விழுந்த சுவரைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்க்கவில்லை. "சம்பந்தி, வண்டி எங்க?" இதுதான் முதல் வார்த்தை. மனுஷனா அவன்? ஒரு வீடு இடிந்து கிடக்கிறது, உள்ளே ஒரு பெண் கையொடிந்து கிடக்கிறாள், வந்ததும் வண்டியைக் கேட்கிறான்.

காட்டினேன். தார்ப்பாயை விலக்கினேன். சேற்றையெல்லாம் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். தண்ணீரில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. இது இந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பிளக்கைக் கழற்ற வேண்டும், உள்ளே இருக்கிற தண்ணீரை இறக்க வேண்டும், ஆயிலை மாற்ற வேண்டும். மெக்கானிக் கடையில் பக்கத்து ஊர் வண்டியெல்லாம் வரிசையில் நின்றன, ஆள் வரவில்லை. சொன்னேன். "சம்பந்தி, கை வைக்காதீங்க. இன்னும் தண்ணி எறக்கல."

"புது வண்டிதானே, என்ன ஆயிடும்?" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டான். மகன் நிற்கிறான், அப்பன் ஏறி உட்காருகிறான்! பிளாஸ்டிக் கிழிந்தது. செல்ஃபை அமுக்கினான். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி அமுக்கினான். உள்ளே தண்ணீர் நின்றதில் இன்ஜின் ராடு வளைந்துவிட்டது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், புயல் கெடுக்கவில்லை இந்த வண்டியை. சிமெண்ட் கடைக்காரன் கெடுத்தான்.

இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு சொல்கிறான். "இது தேறாது சம்பந்தி. முகூர்த்தத்துக்குள்ள வேற ஒண்ணு எடுத்துடுங்க."

நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். இதையே புதுசாக்கித் தருகிறேன் என்று சொல்லலாமா, அல்லது வேறு எடுப்பதா என்று. இதில் அவமானப்பட ஒன்றும் இல்லை. சபையில் கொடுத்த வாக்கு. அதற்குள் இவள் உள்ளேயிருந்து வந்துவிட்டாள். மாவுக்கட்டுப் போட்ட கை கழுத்தில் தொங்குகிறது. மற்றக் கையில் நிச்சயதார்த்தப் புடவை, அவர்கள் வைத்துக்கொடுத்தது.

"மாமா, வந்ததுலேர்ந்து வண்டியைத்தான் பார்த்தீங்க" என்றாள்.

"அதுக்கென்னம்மா, ஒன்னையுந்தான் பார்க்கிறேன்."

"என் கையில என்ன கட்டு?"

அப்போதுதான் பார்க்கிறான் அந்த மடையன். "அட, விழுந்துட்டியா?" என்கிறான். அந்தப் பையன் இருக்கிறானே, மாப்பிள்ளை, அவன் குனிந்து டயரைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

இவள் புடவையை நீட்டினாள். "இந்தாங்க. நான் வரல."

இதுதான் நடந்தது. வலது கை கட்டில் இருக்கிறது, இடது கையால் நீட்டினாள். வைரக்கண்ணு குதித்தான் பாருங்கள். "இடது கையால குடுக்குறா! என் வீட்டுப் பொடவையை இடது கையால!" தெருவே கூடிவிட்டது. அவனுக்கு அது நல்ல சாக்கு. வண்டிக்காகக் கல்யாணத்தை நிறுத்தினான் என்ற பேச்சு வராது, மரியாதைக்காக நிறுத்தினான் என்று வரும். அன்றிலிருந்து போகிற வருகிற இடமெல்லாம், "அந்தப் பொண்ணா? இடது கையால குடுக்குமே, அதுவா?" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். வருகிற வரனெல்லாம் டீக்கடையோடு திரும்புகிறது.

ஆனால் நானும் நியாயத்தைப் பேச வேண்டும். இடது கையால் கொடுத்தது தப்புத்தான். நான் மறுக்கவில்லை. அம்மாவிடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம். கீழே வைத்திருக்கலாம். அதை அவளிடமும் சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு அதிகம் பேசுவதில்லை. பிடிவாதம். எங்கிருந்து வந்ததோ.

சரி, நல்ல சேதிக்கு வருகிறேன். எழுந்து இப்படி வாருங்கள். இந்தப் போர்வையை விலக்குகிறேன். எப்படி? இன்ஜினைப் பிரித்து, ராடு மாற்றி, பெயிண்ட் அடித்து, சீட்டுக்கு வேறு பிளாஸ்டிக் போட்டு வைத்திருக்கிறேன். ஓடு வாங்குவதா, இதைச் செய்வதா என்று வீட்டில் ஒரே சண்டை. நான்தான் முடிவெடுத்தேன். கூரை யாருக்குத் தெரியப்போகிறது? மாப்பிள்ளை வந்தால் முதலில் எதைப் பார்ப்பார்? உங்கள் பையன், மதியழகன் என்றுதானே சொன்னீர்கள், நாளைக்கே வந்து ஏறலாம். இன்னும் யாரும் ஏறவில்லை. வைரக்கண்ணு ஏறியது கணக்கில் வராது, அது பழைய பிளாஸ்டிக்.

என்ன?

வண்டி வேண்டாமா?

யார் சொன்னது, பையனா? இல்லை, நீங்கள் மரியாதைக்குச் சொல்கிறீர்கள். வைரக்கண்ணுவும் இப்படித்தான் எதுக்கு சம்பந்தி என்று ஆரம்பித்தான். அப்படி இல்லையா? பையனே சொல்லியனுப்பினாரா, எதுவும் வாங்கக் கூடாது என்று? கால்நடை மருந்தகத்துக்கு பஸ்ஸில்தான் போகிறாரா? ஆட்டுக்கும் மாட்டுக்கும் கட்டுப் போடுகிற வேலை, அதற்கு பஸ் போதும் என்கிறாரா?

குறையாக நினைக்காதீர்கள், ஒன்று கேட்கிறேன். பையனுக்கு ஏதாவது உடம்புக்கு? கண் பார்வை சரியா? இல்லை, இந்தக் காலத்தில் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியை வேண்டாம் என்று சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. கேட்கிறவனை நம்பலாம், அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். வேண்டாம் என்கிறவன் மனதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? யோசிக்க வேண்டிய விஷயம். நான் யோசித்துத்தான் சொல்ல முடியும்.

பெண்ணிடம் கேட்க வேண்டுமா? கேளுங்கள். என்ன கேட்கப்போகிறீர்கள், சமைக்கத் தெரியுமா என்றா? இளவரசி! இங்கே வாம்மா. இவர்தான் மன்னார்குடியிலிருந்து வந்திருக்கிறார். வணக்கம் சொல்லு.

கையைக் காட்டச் சொல்கிறார், காட்டு. பாருங்கள், நான் சொன்னேனே, லேசான கோணல்தான். வலிக்குமா என்றா கேட்கிறீர்கள்? அதெல்லாம் ஒன்றும்... மழைக்கு வலிக்குமா? எனக்குத் தெரியாதே. நீ சொல்லவே இல்லையே. இந்த வீட்டில் எனக்கு யார் எதைச் சொல்கிறார்கள்?

என்னம்மா கேட்கிறாய் அவரிடம்? ஆமாம், வண்டி வேண்டாமாம். ஆமாம், பையனே சொன்னாராம். அவர்தான் தலையை ஆட்டுகிறாரே, அப்புறம் என்ன திரும்பக் கேட்கிறாய்? சிரிக்கிறாளே. இவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. எதற்குச் சிரிக்கிறாய்?

சம்மதமா?

கேட்டீர்களா இதை! போட்டோ பார்க்கவில்லை, பையன் கறுப்பா சிவப்பா தெரியாது, வண்டி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாராம், உடனே சம்மதமாம். ஏய், கேட்டியா உன் மகள் பேசுவதை? அதற்குள் நீ என்ன காப்பித் தட்டில் வெற்றிலையை எடுத்து வைக்கிறாய்? நான் இன்னும் எதுவும் சொல்லவில்லையே! நீங்களும் கையை நீட்டி வாங்குகிறீர்களே ஐயா, படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள்.

சரி. எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் பெண்ணும் நீங்களும் பேசி முடித்துவிட்டீர்கள், நடக்கட்டும். நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள். இவள் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இந்த வண்டியை நான் யாருக்குக் கொடுப்பது?